ராஜா நாற்காலியைக் கேட்டு மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் கைகட்டி நின்று எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கையும், இருவருக்கும் சேர்த்து ஒரு பல் குறைந்தது தவிர, சௌக்கியம். பல் என்னுடையது. அது போன கதை பின்னால் வருகிறது. அங்கே தாங்களும் அக்காவும் எல்லாப் பற்களோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை நான் எழுதிய கடிதத்தில் பதினேழு பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தீர்கள். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கடிதம் எழுதினால் அப்படித்தான் ஆகும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இதிலும் பிழை இருக்கும். தயவுசெய்து முதலில் விஷயத்தைப் படித்துவிட்டுப் பிறகு வட்டத்துக்கு வாருங்கள். விஷயம் ஒரு நாற்காலியைப் பற்றியது. எந்த நாற்காலி என்று இந்த இடத்திலேயே சொன்னால் தாங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவீர்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நம் ஊர் அரண்மனையைப் பழுது பார்த்து அருங்காட்சியகம் ஆக்கும் வேலை ஒன்றரை வருஷமாக நடக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, கூரை ஒழுகாமல் செய்தாயிற்று, சரவிளக்கைக்கூடத் துடைத்துத் தொங்கவிட்டாயிற்று. உள்ளே போனால் ஒரே ஒரு குறைதான், உட்கார ஒரு முக்காலி கிடையாது. கடைசி ராஜா ஊரைவிட்டுப் போன வருஷம் அவ்வளவு சாமானையும் முன் முற்றத்தில் வைத்து மூன்று நாள் ஏலம் போட்டார்களாம். என்னென்ன சாமான், எதற்கு என்ன எண் என்கிற பட்டியல் பத்திரமாக இருக்கிறது. யார் யார் எடுத்துப்போனார்கள் என்கிற பக்கத்தைக் கரையான் எடுத்துப்போய்விட்டது. போன மாதம் ஒருநாள் ஊர்க்காரர்களைச் சும்மா உள்ளே விட்டார்கள். போயே ஆகவேண்டும் என்று தங்கள் தங்கை ஒற்றைக் காலில் நின்றதால் போனோம். காணாமல் போன சாமான்களைப் பட்டியலைப் பார்த்து வரைந்து, சுவரில் மாட்டியிருந்தார்கள். மூன்று சிங்கக் கால் வைத்த வட்ட மேசையின் படத்துக்கு முன்னால் நான் நின்றேன். நின்றவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். "இது நம்ம தையல்காரர் கடையில இருக்குதே, இதுமேல போட்டுத்தானே துணி வெட்டுறாரு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். அருங்காட்சியக அதிகாரி அவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டவர், இந்த மாதம் முழுவதும் விடவில்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மின்சார ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான் என்று சொன்னேன். எனக்கு மனிதர்களின் பெயர் நிற்காது, முகமும் அரைகுறைதான். ஆனால் எந்த வீட்டில் மீட்டர் எட்டாத உயரத்தில் இருந்தது, எட்டுவதற்கு எதன்மேல் ஏறி நின்றேன் என்பது மட்டும் செத்தாலும் மறக்காது. அன்றைக்குச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் எனக்கு விளங்கியது, ராஜ குடும்பத்துச் சாமான்களில் முக்கால்வாசியின் மேல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றிருக்கிறேன். அதிகாரியம்மா என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்து (வேறு எதில் உட்காருவது?) விவரம் சொன்னார். முக்கியமான சாமான் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில் கம்பியைக் காய்ச்சிப் போட்ட ஒரு சின்னக் கிளி முத்திரையும் எண்ணும் இருக்கும். கிளியைக் கண்ணால் பார்த்தால்தான் எடுக்கலாம், படத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. மறுநாளே என் கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிக் கையில் ஒரு டார்ச்சையும் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற மூன்று வருஷமாக நான் வீட்டில் உட்கார்ந்து அடுப்பில் எது தீய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததால், நான் வெளியே கிளம்பியதில் தங்கள் தங்கைக்கு உண்டான சந்தோஷத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

முதலில் தையல்காரர் கடை. நல்ல மனுஷர். இதே உயரத்துக்கு வேறு மேசை போட்டுக் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குனிந்து டார்ச் அடித்தேன். கிளி இருந்தது, எண் ஏழு. அதிகாரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசையைத் தூக்கி வாசல் வரை கொண்டுவந்தபோது மற்றவர்களுக்கும் கலங்கியது. வாசலைவிட மேசை ஒரு முழம் அகலம். நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், சக்கரம்போல் உருட்டியும் பார்த்தோம். எப்படித்தான் உள்ளே வந்தது என்று கேட்டதற்குத் தையல்காரர் வெகுநேரம் யோசித்து, அவருடைய அப்பா முதலில் மேசையை இறக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் கடையைக் கட்டினார் என்றார். முன்சுவரை இடித்தோம். தைத்து மாட்டியிருந்த பதினெட்டுச் சட்டைகளும் செங்கல் நிறம் ஆகின. அதைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தது தங்கள் தங்கை. ஆனால் பாருங்கள், இப்போது அந்தக் கடைக்குள் வெளிச்சம் கொட்டுகிறது, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், அவருக்கு வேலை தலைக்குமேல் இருக்கிறது. முன்பே இடித்திருக்கலாம் என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்கிறார்.

அடுத்தது சோபா. அது பல் டாக்டர் வீட்டு முன் அறையில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் கிடந்தது. வெல்வெட்டை உரித்துவிட்டு ரெக்சின் போட்டிருந்தாலும் அந்த வளைந்த காலை எனக்குத் தெரியாதா. அன்றைக்கு அதிகாரியம்மா வரவில்லை, நான் மட்டும் போனேன். சோபாவில் இரண்டு பேர் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வலியில் இருப்பவர்களை எழுப்பக்கூடாது என்று, அவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து மல்லாந்து படுத்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் கிளி தெரிந்தது. சந்தோஷத்தில் "கிளி" என்று கத்தினேன். வாயில் டார்ச் இருந்ததால் அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. நர்ஸ் வந்து என் கால்களைப் பார்த்துவிட்டு, பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று உள்ளே சொல்ல, இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் சாய்த்தார்கள். அந்த டாக்டர் அமைதியான மனிதர். பயப்படுகிறவர்களைப் பேச விடக்கூடாது என்பது அவருடைய கொள்கையாம். டார்ச்சை எடுத்த கையோடு பஞ்சை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் என் அடையாள அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். "அட்டையெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கொடுத்தார். எல்லாம் முடிந்து விஷயம் தெரிந்தபோது ரொம்ப வருத்தப்பட்டார், ஆனால் எப்படியும் எடுக்க வேண்டிய பல்தான் என்றார். சோபாவை அன்றைக்கே கொடுத்தனுப்பினார். அது எண் நான்கு. பல்லின் எண் அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இருக்கிறது.

கட்டிலின் கதையை மட்டும் தாங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இரும்புக்கடைக்காரர் ஒருவர், அவருடைய தம்பி சைக்கிள் கடைக்காரர், இரண்டு பேருக்கும் ஒரே வீடு, நடுவில் சுவர். நான் வேலையில் இருந்த காலத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் போவேன். அண்ணன் வீட்டு மீட்டருக்குக் கீழே தலைமாட்டோடு ஒரு பாதிக் கட்டில் செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கும். தம்பி வீட்டில் கால்மாட்டோடு இன்னொரு பாதி. பாகம் பிரித்த அன்றைக்கு யார் எடுப்பது என்று சண்டை வந்து, ரம்பத்தைக் கொண்டுவந்து நடுவில் அறுத்துவிட்டார்களாம். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நான் போய்க் கேட்டபோது, அவன் கொடுத்தால் நான் கொடுக்கிறேன் என்று அண்ணன் சொன்னார். தம்பியும் எழுத்துப் பிசகாமல் அதையேதான் சொன்னார். நான் ஒரு பொய் சொன்னேன் மச்சான். அண்ணனிடம் தம்பி கொடுத்துவிட்டார் என்றும், தம்பியிடம் அண்ணன் கொடுத்துவிட்டார் என்றும் சொல்லி, இரண்டு பேரையும் ஒரே நாள் காலையில் அரண்மனைக்கு வரச் சொன்னேன். இரண்டு தள்ளுவண்டியும் ஒன்றாக வாசலுக்கு வந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அரண்மனைத் தச்சர் இரண்டு பாதியையும் தரையில் வைத்து நெருக்கித் தள்ளினார். நூல் நுழைய இடமில்லாமல் சேர்ந்துகொண்டது. கவிழ்த்துப் பார்த்தால், ரம்பம் சரியாகக் கிளியின் நடுவில் போயிருக்கிறது. தலை அண்ணன் பாதியில், வால் தம்பி பாதியில். பிறகு அண்ணன் மெதுவாக, "உன் பக்கம் பூச்சி அரிச்சிருக்கு" என்றார். தம்பி, "பூச்சி உன் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும்" என்றார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. யார் பக்கத்துப் பூச்சி என்று வாக்குவாதம் பண்ணிக்கொண்டே இரண்டு பேரும் தேநீர் குடிக்கப் போனார்கள். போகும்போது தம்பி வண்டியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மற்றதை நீட்டவில்லை. முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகள், போட்டோ ஸ்டூடியோவில் ராணியின் நிலைக்கண்ணாடி, வக்கீல் வீட்டில் கட்டுக் காகிதங்களைச் சுமந்துகொண்டிருந்த புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு வீட்டுச் செருப்பு அலமாரியைக் கிளியோடு கண்டுபிடித்து, மேளம் அடிக்காத குறையாக நான் கொண்டுபோய் இறக்க, அதிகாரியம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது காக்கை என்றார். அந்த வீட்டுப் பெண் சின்ன வயதில் ஆணியால் கீறியதாம். தலையில் சுமந்துகொண்டு போன நானே தலையில் சுமந்துகொண்டு திரும்பக் கொடுத்தேன். அது போகட்டும். பத்து கிடைத்துவிட்டது. பாக்கி ஒன்று, பட்டியலில் எண் ஒன்று.

அது ராஜாவின் நாற்காலி. உயர்ந்த முதுகு, கறுத்த மரம், கை வைக்கும் இடத்தில் வாயைத் திறந்த இரண்டு புலித் தலைகள் என்று பட்டியலில் எழுதியிருக்கிறது. என் நினைவில் எந்த மீட்டருக்குக் கீழேயும் அப்படி ஒன்று இல்லை. ஒருநாள் சாயங்காலம் தங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தபோது சும்மா படித்துக் காட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தினாள். "இடது பக்கத்துப் புலிக்குக் கீழ்த்தாடை இருக்காதே" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நான்தானே உடைச்சேன்" என்றாள். மச்சான், தாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை எடுத்து இடது பக்கத்துப் புலியைப் பாருங்கள். எப்போதும் அதன்மேல் தங்கள் கை இருந்ததால்தான் இத்தனை வருஷமாக எனக்குப் புலி தெரியவில்லை. தங்கள் அப்பா மூன்றாம் நாள் ஏலம் முடிகிற நேரத்தில் போய் அதை எடுத்து வந்தாராம். அதற்கு அடியில் கிளி இருக்கிறதா என்று உங்கள் வீட்டில் யாரும் இதுவரை பார்த்ததில்லை, ஏனென்றால் அதன்மேல் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், முதலில் அவர், பிறகு தாங்கள். தாடையை உடைத்ததற்கு அன்றைக்கு அடி வாங்கியது தாங்கள்தானாம். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள் என்றாள், எழுதிவிட்டேன்.

மச்சான், எனக்குத் தைரியம் எப்போது வந்தது என்று கேட்டால், இன்னும் வரவில்லை. கல்யாணமாகி முதல் தடவை தங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தெரியாமல் அந்த நாற்காலியை நோக்கி இரண்டு அடி வைத்தேன். "மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெஞ்சு இருக்கு" என்றீர்கள். முப்பத்து நாலு வருஷமாக நான் பெஞ்சில்தான் உட்காருகிறேன், பெஞ்சுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வருகிற மாதம் முதல் தேதி அரண்மனையைத் திறக்கிறார்கள். பத்துச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. தர்பார் மண்டபத்துக்கு நடுவில் மட்டும் கயிறு கட்டிய ஒரு வெறும் கட்டம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் நாடகக் கம்பெனிக்குச் செய்வதுபோல் ஒன்றைச் செய்து தங்க வர்ணம் அடித்து வைத்துவிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அதிகாரியம்மா இரண்டு நாளாக அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. தங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கள் தங்கைதான் விடமாட்டேன் என்கிறாள். காலையில் எழுந்ததும் ஆரம்பித்து, ஊர்ச் சொத்து ஊருக்குத்தான் போகவேண்டும், அண்ணன் பெரிய மனுஷன், கேட்கிற விதத்தில் கேட்டால் தட்டமாட்டார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இதற்கு முன் நான் எழுதிய மூன்று கடிதங்களையும், கெஞ்சல் போதாது என்று அவளே கிழித்துவிட்டாள். இது நான்காவது.

ஆகவே, தாங்கள் பெரிய மனது பண்ணி அந்த நாற்காலியைக் கொடுத்தருள வேண்டும். கயிற்றுக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகையில் தங்கள் பெயரைப் பட்டத்தோடு பொறித்து வைப்பார்கள். ஒரு முக்கியப் பிரமுகர் வருஷத்துக்கு ஒருநாள் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆசைப்பட்டால் முடியுமா என்று, யார் என்று சொல்லாமல் அதிகாரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். நாற்காலிக்கு எண்ணெய் பூசுகிற நாளில், எண்ணெய் காய்ந்த பிறகு, அரைமணி நேரம் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தையல்காரர் கொடுத்தார், டாக்டர் கொடுத்தார், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பியே கொடுத்தார்கள். தாங்கள் கொடுப்பதில் என்ன ஆச்சரியம் என்று ஊர் சொல்லவேண்டும். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். தங்கை பேரில் காட்டவேண்டாம். அவள் இதில் தனக்கென்று ஒரு துரும்புகூட விரும்பாதவள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் கண்பார்வையும் கைப்பேனாவும் நூறு வருஷம் மங்காமல் இருக்கட்டும், தங்கள் வீட்டு விளக்கு சீராக எரியட்டும், மீட்டர் மெதுவாக ஓடட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்தும் பார்க்காமலும் இருக்கும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையின்மேல் தங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோதே வாசலில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. முன்னால் தாங்கள் இறங்கினீர்கள், பின்னால் நாற்காலி இறங்கியது. நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனால் தாங்கள் குளிக்கப் போன பிறகு நடந்தது தெரியாது. "இடுப்பு போச்சு மாப்பிள்ளை. இனிமே இதுல உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா குடுத்ததாச்சே, வெளிய தள்ளினா தங்கச்சி மனசு நோகுமேன்னு இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இனி அவ பாடு" என்று தாங்கள் சொன்னபோது எனக்குத் தங்கள் காலில் விழவேண்டும் போலிருந்தது. நாற்காலிக்கு அடியில் விழுந்தேன். கிளி இருக்கிறது மச்சான், எண் ஒன்று, அவ்வளவு தெளிவான கிளியை நான் பார்த்ததே இல்லை. உடனே போய் அதிகாரியம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டுத் திரும்பி வருகிறேன், தங்கள் தங்கை அதில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு புலிமேலும் கை வைத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மெதுவாக முதல் தேதியை ஞாபகப்படுத்தினேன். "பொறந்ததுலேருந்து இந்த நாற்காலியைத் தொடைச்சிருக்கேனே தவிர ஒருநாள் உக்காந்ததில்ல. ஊர்ச் சொத்துதான், யாரு இல்லேன்னா? எழுவது வருஷம் பொறுத்த ஊரு நான் இருக்கறவரைக்கும் பொறுக்காதா" என்றாள். அதிகாரியம்மா ஓடோடி வந்தார். அவருக்கும் காபி கொடுத்தாள், எழுந்திராமல், என்னைப் போட்டுக்கொண்டுவரச் சொல்லி. இப்போது அதிகாரியம்மா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். தங்கள் தங்கை யார் பேச்சையும் கேட்கமாட்டாள், தங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்கள் பைக்குள் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும், இதில் 'மச்சான்' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'தங்கச்சி' என்று போட்டு, தங்கள் கையெழுத்தில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடுங்கள். முகவரி இதே வீடுதான். கூடத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள்.